இரண்டு ரெகுலேட்டரைப் பேரலலாகப் போட்டேன், ஒன்று வேகிறது, இன்னொன்று சும்மா நிற்கிறது

ஈயப்புகை:

வணக்கம். பெங்களூரு பொம்மசந்திராவில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னப் பட்டறை எங்களுடையது. பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு எட்டு தெர்மோகப்பிளை, அதாவது சூட்டை அளக்கும் கம்பி ஜோடிகளை, படித்து ரேடியோவில் அனுப்பும் பெட்டி செய்து கொடுக்கிறோம். ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்ட வேண்டும், கரித்தூள் பறக்கிற இடம், அதனால் மூடிய அலுமினியப் பெட்டி, ஃபேன் கிடையாது. உள்ளே காற்று 80 டிகிரி வரை போகிறது.

24 வோல்ட் உள்ளே வருகிறது, ஒரு பக் கன்வெர்ட்டர் (வேகமாக சுவிட்ச் செய்து வோல்டேஜைக் குறைப்பது) அதை 6.5 ஆக்குகிறது, அதற்குப் பிறகு 5 வோல்ட் 1117 ரெகுலேட்டர் (மிச்ச வோல்டேஜைச் சூடாக எரித்துவிடுகிற லீனியர் ஐசி). மொத்த லோடு 1.3 ஆம்ப். ஒரு 1117 தருவது 800 மில்லிஆம்ப்தான் என்பதால், சரி, இரண்டு போட்டால் 1.6 ஆயிற்றே என்று இன்புட்டை இன்புட்டோடும் அவுட்புட்டை அவுட்புட்டோடும் சேர்த்துவிட்டேன். போர்டின் இரண்டு ஓரத்தில் ஒவ்வொன்று, நடுவில் 40 மில்லிமீட்டர் இடைவெளி, சூடு பரவட்டும் என்று.

டேபிளில் வைத்து ஓட்டியபோது நன்றாக இருந்தது. ஃபர்னஸ் பக்கத்தில் மாட்டி 25 நிமிடம் ஆனதும் 5 வோல்ட் லைன் 4.5-க்கு விழுகிறது, பிராசஸர் ரீசெட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து ஓடுகிறது, மறுபடி விழுகிறது. ஐசியின் டேபில், அதாவது சூட்டை வெளியே விடும் உலோகத் தகட்டில், தெர்மோகப்பிள் ஒட்டிப் பார்த்தால் ஒன்று 138 டிகிரி, இன்னொன்று 91. இரண்டும் ஒரே பார்ட் நம்பர். 40 போர்டு அசெம்பிள் ஆகி அட்டைப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. எங்கே தப்பு?

மில்லிஓம்:

தப்பு அவுட்புட்டை நேராகச் சேர்த்ததில்தான். ரெகுலேட்டர் என்பது பேட்டரி மாதிரி வளைந்து கொடுக்கிற சாமான் இல்லை, தனக்குச் சரி என்று பட்ட வோல்டேஜை விடாப்பிடியாகப் பிடித்து நிற்கும். முழு லோடு கொடுத்தாலும் ஒரு 1117-இன் அவுட்புட் சில மில்லிவோல்ட்தான் இறங்கும். ஒன்று 5.03-இல் நிற்கிறது, இன்னொன்று 4.97-இல் நிற்கிறது என்றால், 5.03 ஆசாமி இருக்கும்வரை 4.97 ஆசாமிக்கு "லைன் ஏற்கெனவே என் அளவுக்கு மேலே இருக்கிறதே" என்றுதான் தெரியும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரே நுகத்தில் இரண்டு மாடு, ஒன்று இழுக்கிறது, ஒன்று கூட நடக்கிறது. முதல் மாடு கரன்ட் லிமிட்டைத் தொட்ட பிறகுதான் இரண்டாவது மாடு கயிற்றை உணரும்.

பிறகு நடப்பதும் உங்கள் போர்டில் தெரிகிறதே. முதலாவது வெந்து தெர்மல் ஷட்டவுனுக்குப் போகிறது (சூடு மீறினால் தானே அணைந்துகொள்வது), 1.3 ஆம்ப் முழுவதும் இரண்டாவதன் தலையில் விழுகிறது, அதனால் முடியாது, லைன் சரிகிறது. முதலாவது ஆறி எழுந்து மறுபடி சுமக்கிறது.

இரண்டையும் தனித்தனியாக, லோடு இல்லாமல் அளந்து பாருங்கள். ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஐசிகளை இடம் மாற்றி ஒட்டுங்கள். சூடு ஐசியோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா?

பீன்யா வண்டி:

ஊரில் கேட்டால் "பெங்களூருவா, ஏசியே வேண்டாமே, குளுகுளு" என்பார்கள். பீன்யாவில் ஃபர்னஸ் கதவு திறக்கும்போது ஒரு தடவை பக்கத்தில் நிற்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பார்ட் எங்கே வாங்கினீர்கள்?

ஈயப்புகை:

@மில்லிஓம் மாற்றி ஒட்டிப் பார்த்தேன் அண்ணா. சூடு ஐசியோடு போயிற்று. இடது ஓரத்தில் வெந்தது இப்போது வலது ஓரத்தில் வேகிறது. தனியாக அளந்தால் 5.03, 4.97. நீங்கள் சும்மா உதாரணத்துக்குச் சொன்ன எண் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது.

@பீன்யா வண்டி நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோட்டில், ரீலிலிருந்து வெட்டிய டேப்பாக. இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே டேப்பில் இரண்டு விதமான அச்சு இருக்கிறது. அதனால்தானா?

மில்லிஓம்:

அதுவும் கொஞ்சம் கெடுத்திருக்கும், ஆனால் பழியை முழுதாக அதன்மேல் போட வேண்டாம். ஒரே கம்பெனி, ஒரே ரீல் என்றாலும் 1117-இன் அவுட்புட் 25 டிகிரியிலேயே ஒரு சதவீதம் மேலே கீழே இருக்கலாம், அதாவது 4.95 முதல் 5.05 வரை. பழைய 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805-க்கு 4.8 முதல் 5.2 வரை அனுமதி. ஜோடி பார்த்துப் பொறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குளிரில் ஜோடியாக இருப்பது சூட்டில் ஜோடியாக இருக்காது. சூடேற ஏற வோல்டேஜ் இறங்குகிற ஐசி கிடைத்தால் தானே சமன் ஆகும், ஏறுகிற ஐசி கிடைத்தால் வெந்ததே மேலும் வேகும். எது கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டு அதற்குப் பிறகு சேர்ப்பதுதான் முறையான வழி, பல்லாஸ்ட் என்பார்கள். கணக்கு சுலபம்: இரண்டு ஐசிக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை ஒரு ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் கரன்ட் வித்தியாசம். உங்களுக்கு 60 மில்லிவோல்ட். 0.22 ஓம் போட்டால் வித்தியாசம் 0.27 ஆம்ப், ஒன்று 0.79 சுமக்கும், இன்னொன்று 0.51. இப்போதைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் இதற்கு விலை உண்டு: லைன் 4.86-க்கு வந்துவிடும், ரேடியோ பேசும்போதெல்லாம் அது ஆடும். ஜோடி வித்தியாசம் 100 மில்லிவோல்ட் இருக்கிற போர்டு ஒன்று அந்த நாற்பதில் இருந்தால் அங்கே 0.22 போதாது. ரெசிஸ்டரை ஏற்றினால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். இந்தப் போர்வை தலையை மூடினால் கால் தெரியும்.

தாத்தா சால்டர்:

தம்பி, எல்லோரும் கரன்ட்டைப் பங்கு போடுவதையே பேசுகிறீர்கள். பேரலல் போட்டால் சூடு பங்காகும், ஒரு வாட் கூடக் குறையாது. 6.5-இலிருந்து 5, ஒன்றரை வோல்ட், அதை 1.3 ஆம்பால் பெருக்கு, 1.95 வாட். ஒரு ஐசியில் போட்டாலும் பத்து ஐசியில் போட்டாலும் அந்த மூடிய பெட்டிக்குள் அதே 1.95 வாட்தான். திறந்த போர்டு என்றால் பரப்பிவிட்டால் காற்று கொண்டுபோகும். உன் பெட்டியில் காற்றுக்குப் போக்கிடம் ஏது?

இரண்டு கேள்விக்குப் பதில் சொல். பெட்டியின் வெளிச்சுவர் எத்தனை டிகிரி? அந்த 1.3 ஆம்பில் உண்மையாகவே சுத்தமான சப்ளை கேட்பது எவ்வளவு?

ஈயப்புகை:

சார், வெளிச்சுவர் 62 டிகிரி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தெர்மோகப்பிள் ஆம்ப்ளிஃபையர்கள், சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி எல்லாம் சேர்த்து 120 மில்லிஆம்ப். மீதி ரேடியோவும் பிராசஸரும். கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் தரும், பக் கன்வெர்ட்டரின் சத்தம் உள்ளே வந்துவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் லீனியரில் போட்டேன்.

தாத்தா சால்டர்:

பயம் நியாயமானது. ஆனால் ரேடியோவுக்கு ஏன் பன்னீரில் குளியல்?

வெளியே 62, உள்ளே 80. அந்த 18 டிகிரி ஃபர்னஸ் கொடுத்தது இல்லை, உன் போர்டே கொடுத்தது. அடுத்த போர்டில் பக்கை நேராக 5 வோல்ட்டுக்கு வை, ரேடியோவும் பிராசஸரும் அதிலிருந்தே குடிக்கட்டும். அனலாக் பகுதியை 3.3-க்கு மாற்று, அதற்கு 5-இலிருந்து ஒரே ஒரு லீனியர், 1.7 வோல்ட்டை 0.12 ஆம்பால் பெருக்கினால் 0.2 வாட். 1.95 எங்கே, 0.2 எங்கே. பேரலல் என்ற பேச்சே எழாது.

கையில் இருக்கிற நாற்பதுக்கு: இரண்டு ஐசியையும் சேர்க்கிற தடத்தை பிளேடால் வெட்டு. ஒன்று ரேடியோவுக்கு, ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும். இரண்டு லைனுக்கும் நடுவில் 60 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. லோடைப் பிரித்துக் கொடுப்பதுதான் பல்லாஸ்ட் இல்லாத பங்கீடு. ஒன்றைக் கவனி, 1117-இன் டேப் கிரவுண்ட் இல்லை, அவுட்புட். டேபுக்கு அடியில் நீ பரப்பியிருக்கிற செம்பும் அவுட்புட்தான். அதையும் சேர்த்து இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஈயப்புகை:

நல்லவேளை, இரண்டு ஓரத்துச் செம்பையும் இணைப்பது 3 மில்லிமீட்டர் அகலக் கழுத்து ஒன்றுதான். ரேடியோ உச்சத்தில் 0.7, மீதி 0.6. ஆனால் வெட்டின பிறகும் ஆளுக்கு ஒரு வாட் இருக்குமே சார்?

தாத்தா சால்டர்:

இருக்கும். அதனால் பக்கின் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றி 6.5-ஐ 6.3 ஆக்கு, அதற்குக் கீழே போகாதே, 1117-க்கு 1.2 வோல்ட் அளவுக்கு மேலே இடம் வேண்டும். அப்போது ஆளுக்கு 0.85 வாட். வாட்டுக்கு 55 டிகிரி என்று வைத்தால் 80-உடன் 47 சேர்ந்து 127. ஐசிக்கு 125-தான் எல்லை. ஆக இது மட்டும் போதாது. போர்டுக்கு அடியில், இரண்டு ஐசிக்கும் நேர் கீழே, சிலிக்கான் தெர்மல் பேட் வைத்துப் பெட்டிச் சுவரோடு அழுத்து. 62 டிகிரிச் சுவர் உனக்கு இலவசமாகக் கிடைத்த ஹீட்சிங்க். பேட் மின்சாரம் கடத்தாததாக இருக்கட்டும், டேப் அவுட்புட் என்று இப்போதுதான் சொன்னேன்.

சுவிட்சிங் சாமி:

இதற்கு ஏன் இவ்வளவு? ரெடிமேட் 5 வோல்ட் பக் மாட்யூல் இரண்டை வாங்கிப் பேரலலாகப் போட்டால் முடிந்தது.

மில்லிஓம்:

சாமி, அது இதைவிட மோசம். 1117-ஆவது சும்மா நிற்கும். சிங்க்ரனஸ் பக் ஃபோர்ஸ்டு கன்டினியூவஸ் மோடில் (கரன்ட் திரும்பி ஓடவும் விடுகிற மோடு) இருந்தால், வோல்டேஜ் குறைவாக வைத்திருப்பது லைனிலிருந்து கரன்ட்டை உள்ளே இழுக்கும். ஒன்று ஊற்றும், இன்னொன்று உறிஞ்சும், லோடே இல்லாமல் இரண்டும் சுடும். சுவிட்சிங்கைப் பேரலல் போட வேண்டும் என்றால் கரன்ட் ஷேர் பின் இருக்கிற கன்ட்ரோலர் வேண்டும். கரன்ட் மோடில் எரர் ஆம்ப்ளிஃபையர் (எவ்வளவு கரன்ட் வேண்டும் என்று சொல்வது) அவுட்புட்டை எல்லோருக்கும் பொதுவாக்கினால் ஒரே உத்தரவு எல்லோருக்கும் போகும். அதோடு க்ளாக்கை 180 டிகிரி தள்ளி வைத்தால் ரிப்பிளும், அதாவது அவுட்புட்டின் சின்ன அலையும், குறையும். கடையில் கிடைக்கிற மாட்யூலில் அந்தப் பின் வெளியே வருவதில்லை.

தாத்தா சொன்ன லோடு பிரிப்பு ஈயப்புகைக்குச் சரி. ஆனால் ஒரே லோடு, பிரிக்க முடியாது, சுத்தமான சப்ளையே வேண்டும், இடமும் இல்லை என்கிற கேஸ் எனக்கு வந்திருக்கிறது, அதனால் பேரலலை ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. அதற்கென்றே செய்த ஐசி எல்டி3080. 2007-இல் லீனியர் டெக்னாலஜி கொண்டுவந்தது. பின்னால் இருந்தவர் பாப் டாப்கின், 1976-இல் நேஷனல் செமிகண்டக்டரில் எல்எம்317 என்ற ரெகுலேட்டரைச் செய்த அதே மனிதர். தன் பழைய பிள்ளை பங்காளியோடு ஒத்துப்போகாது என்று 30 வருடம் கழித்துத் திருத்தி எழுதினார் போல.

317-இல் உள்ளே ஒரு 1.25 வோல்ட் ரெஃபரன்ஸ், அது 1.20 முதல் 1.30 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே 5 வோல்ட் எடுத்தால் அந்தப் பிழையும் நான்கு மடங்காகப் பெருகி வரும். 3080-இல் ரெஃபரன்ஸ் வோல்டேஜே இல்லை. செட் பின்னிலிருந்து 10 மைக்ரோஆம்ப் வெளியே வரும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு விட்டால் அந்த வோல்டேஜ் அப்படியே அவுட்புட். இரண்டு ஐசியின் செட் பின்னையும் கட்டிவிட்டால் இரண்டும் ஒரே எண்ணைப் பார்த்து நடக்கின்றன, மிச்சம் இருக்கிற பிழை ஒவ்வொன்றிலும் 2 மில்லிவோல்ட் மேலே கீழே மட்டும். மோசமான ஜோடியில் 4 மில்லிவோல்ட். பல்லாஸ்ட் 20 மில்லிஓம் போதும், வித்தியாசம் 0.2 ஆம்ப், லைனில் இழப்பது 13 மில்லிவோல்ட்.

20 மில்லிஓமுக்கு ரெசிஸ்டர் வாங்கக் கூட வேண்டாம். ஒரு அவுன்ஸ் செம்பில் (போர்டுச் செம்பின் வழக்கமான தடிமன்) ஒரு சதுரத்துக்கு அரை மில்லிஓம், ஆக 40 சதுரம்: ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 40 மில்லிமீட்டர் நீளம், பாம்பு மாதிரி மடித்துப் போடலாம். செம்பு சூடானால் டிகிரிக்கு 0.39 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும், எது அதிகம் சுமந்து சுடுகிறதோ அதன் தடம் கொஞ்சம் தடுக்கும். நமக்குச் சாதகம்தான்.

நான் பட்ட அடி ஒன்று. இரண்டு செட் பின்னைக் கட்டினால் ரெசிஸ்டரில் ஓடுவது 20 மைக்ரோஆம்ப், 5 வோல்ட்டுக்கு 250 கிலோஓம் போட வேண்டும். நான் ஒற்றை ஐசிக் கணக்கில் 500 போட்டேன். அது 10 வோல்ட் கேட்டது, இன்புட் 6.8 என்பதால் கிடைத்த வரைக்கும் கொடுத்தது. இரண்டு நொடியில் ஏடிசியிலிருந்து ஒரு சின்ன வளையமாகப் புகை. அந்த வாசனை சட்டையில் சாயங்காலம் வரை இருந்தது.

இன்னொன்று, செட் முனை மிக மெல்லியது. சால்டர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் ஈரத்திலும் சூட்டிலும் கசிந்து வோல்டேஜை நகர்த்தும். 10 நானோஆம்ப் கசிந்தாலே ஆயிரத்தில் ஒரு பங்கு போயிற்று.

பீன்யா வண்டி:

சூட்டை ஐசியிலிருந்து வெளியே தள்ளுவதற்கு அதில் ஒரு வழி உண்டே, சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

மில்லிஓம்:

ஆமாம், அதுதான் எனக்குப் பிடித்தது. 3080-இன் சில பேக்கேஜில் கன்ட்ரோல் பின்னும் இன்புட்டும் தனித்தனி. கன்ட்ரோலுக்கு 1.6 வோல்ட் மேலே வேண்டும், ஆனால் அது குடிப்பது கொஞ்சம் மில்லிஆம்ப். பெரிய கரன்ட் போகிற இன்புட்டுக்கு அரை வோல்ட் போதும். கன்ட்ரோலை 6.8-இல் நேராகக் கட்டிவிட்டு, இன்புட்டுக்கு முன்னால் 0.75 ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்று. 1.3 ஆம்பில் ரெசிஸ்டர் 1.27 வாட் எரிக்கும், இரண்டு ஐசிக்கும் சேர்த்து 1.07 வாட்தான் மிச்சம். ரெசிஸ்டருக்கு 125 டிகிரி வரம்பு கிடையாது, அலுமினிய உடம்புக்காரனை வாங்கிப் பெட்டிச் சுவரில் திருகிவிடலாம். தாத்தா சொல்வது போல மொத்த வாட் குறையவில்லை, ஆனால் சுட வேண்டிய இடத்தில் சுடுகிறது.

கடலடி:

மும்பையிலிருந்து. எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் கருவியில் வேலை பார்த்தவன். உங்கள் 80 எங்களுக்குத் தலைகுளிக்கிற தண்ணீர். சாதா சிலிக்கானில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லீக்கேஜ் (கசியும் கரன்ட்) ஏறக்குறைய இரட்டிப்பாகும், 175-க்கு மேலே நம்ப முடியாது. அதற்கு எஸ்ஓஐ வகை (இன்சுலேட்டர்மேல் சிலிக்கான்) சிப்தான், ஹனிவெல் செய்வது 225 டிகிரி வரை ஓடும். ஆனால் ஒன்று 300 மில்லிஆம்ப்தான் தரும், அதனால் எங்களுக்கும் கடைசியில் லோடைப் பிரித்துக் கொடுக்கிற கதைதான்.

ஐசி தாங்கினால் போதாது. எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் 125 வரைதான். ஈயம் இல்லாத சால்டர் 217-இல் உருகும், பழைய ஈய சால்டர் 183-இலேயே. போர்டும் வழக்கமான கண்ணாடி நார் எஃப்ஆர்4 இல்லை, சூடு தாங்கும் பாலிஇமைட்.

ஈயப்புகை:

அப்டேட். ஒரு போர்டில் கழுத்தை வெட்டினேன், பக்கை 6.3-க்கு இறக்கினேன், அடியில் பேட் வைத்துப் பெட்டியோடு திருகினேன். பீன்யாவில் காலை 10 மணிக்கு மாட்டி மாலை 4 வரை பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேபில் 98, 95. உள்காற்று 75. ஒரு ரீசெட் இல்லை. எல்லோருக்கும் நன்றி. தாத்தா சாருக்கு ஸ்பெஷல் நன்றி.

தாத்தா சால்டர்:

சந்தோஷம். அவுட்புட்டில் என்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கிறாய்?

ஈயப்புகை:

100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் சார், ஆளுக்கு ஒன்று.

தாத்தா சால்டர்:

மேலே எத்தனை டிகிரி என்று அச்சடித்திருக்கிறது?

ஈயப்புகை:

85.

தாத்தா சால்டர்:

ஃபர்னஸ் 24 மணி நேரமும் ஓடும், வருடத்துக்கு 8,760 மணி. 85 டிகிரி, 2,000 மணி என்று போட்ட கெப்பாசிட்டர் 75-இல் 4,000 மணி இருக்கும், 10 டிகிரிக்கு இரட்டிப்பு என்கிற கணக்கு. ஆறு மாதத்தில் உனக்கு போன் வரும். 105 டிகிரி, 5,000 மணி போட்டதை வாங்கு. அவசரத்தில் செராமிக்கை வைத்துவிடாதே, 1117-க்கு 0.3 ஓமாவது இஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கிற ரெசிஸ்டன்ஸ்) வேண்டும், இல்லாவிட்டால் ஆசிலேட் ஆகும். டான்டலம் கிடைத்தால் அதுவும் சரி.

ஈயப்புகை:

நாற்பது போர்டு, எண்பது கெப்பாசிட்டர். நாளைக்குக் காலையில் எஸ்.பி. ரோடு. இந்தத் தடவை லென்ஸை எடுத்துக்கொண்டு போகிறேன்.